அளவு ஜாக்கெட்

மதியம் தையல் கடையில் வேறு யாரும் இல்லாதபோது முன்பின் தெரியாத ஒருவன் வந்து, அரக்குப் பட்டுத் துணியையும் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டையும் மேஜைமேல் வைத்தான்.

"கல்யாண ஜாக்கெட். நல்லா அமையணும்."

தில்லைநாயகி பழையதை உள்புறம் திருப்பினாள். இடது அக்குளில் பச்சை நூல் தையல். கறுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு நாள், வெளியே தெரியாதே என்று தன்னுடைய ஜாக்கெட்டுக்கு அவளே போட்ட தையல். அந்த ஜாக்கெட் ஆடி மாதம் கொடியிலிருந்து காணாமல் போனது. காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டிருந்தாள்.

"பொண்ணு வரலையா?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லல" என்று சிரித்தான். ஊரே அக்கா என்று கூப்பிடும் அவளை அவன் அப்படிக் கூப்பிடவில்லை. "காய்ச்சல்ல கொஞ்சம் மெலிஞ்சுட்டாங்க. அரை இஞ்சு பிடிச்சே தைங்க."

காய்ச்சல் தெளிந்து எழுந்த தில்லைநாயகி போன வாரம்தான் தன் ஜாக்கெட்டுகளையெல்லாம் அரை இஞ்சு பிடித்திருந்தாள்.

"வச்சுட்டுப் போங்க, தைச்சு வைக்கிறேன்."

"பரவால்ல. வெட்டுறதப் பாத்துட்டே போறேன்" என்று ஸ்டூலை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவள் பட்டை விரித்து, அளவுக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளிக் கோடு போட்டாள், அது வேறொருத்திக்குப் பொருந்தட்டும் என்பதுபோல. அவன் எழுந்து வந்து துணியை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இவ்வளவு லூசு வேணாங்க. அழிச்சுட்டு சரியாப் போடுங்க."

அவள் கோட்டைத் தட்டி அழித்தாள். அவன் கத்தரிக்கோலை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.