மலைச் சைக்கிள் மாப்பிள்ளை

"பின்னுக்கு நிக்காதீங்கோ, மணல் வாரி அடிக்கும்" என்று சுற்றி நின்ற சனத்தை எச்சரித்தான் றொகான். உப்புக்குளம் மைதானத்தில், தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தன் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் சின்னப் பம்ப் ஒன்றால் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

முன் சில்லைத் தாங்குகிற அந்த இரண்டு குழாய்களைப் பற்றித்தான் வந்த நாள் முதல் அவன் பேச்சு. சைக்கிளோடு வந்த சுருள்கம்பி ஃபோர்க் தன் தரத்துக்குப் போதாது என்று கழற்றி எறிந்துவிட்டு, காற்றும் எண்ணெயும் உள்ளே வேலை செய்கிற இதை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துப் பூட்டியிருந்தான். மேடு என்று சொல்ல ஒரு மண்கும்பிகூட இல்லாத மன்னார்த் தீவில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையாக வரப்போகிறவரிடம் அப்படிக் கேட்பது முறையில்லை.

கொழும்பிலிருந்து அவன் பார்க்க வந்த பெண் டிலோஜினி, ஆஸ்பத்திரித் தாதி. அவளுடைய தகப்பன் சிங்கராசா விளையாட்டுக் கழகத் தலைவர். அவருக்குப் பூரண சம்மதம். மகள்தான் ஒரு நிபந்தனை போட்டாள். கழக விளையாட்டு விழாவின் சைக்கிள் போட்டியில் வருசா வருசம் அவளும் இறங்குகிறவள். அதில் றொகான் அவளை வென்றால் கலியாணத்துக்கு ஓம். தோற்றால் வந்த வழியே கொழும்புக்கு.

கேட்டபோது றொகானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிங்கராசா போட்டியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவன் கைகாட்டி அவரை நிறுத்திவிட்டு, ஆள் ஏறி இருந்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்கவேண்டும் என்று அவருக்கே வகுப்பெடுத்தான்.

இப்போது டிலோஜினி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் கூடை, பக்கத்தில் துருப்பிடித்த மணி. அதைப் பார்த்து அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"போட்டி எப்பிடியெண்டு ஆரையும் கேட்டனீங்களோ?" என்றாள் அவள்.

"சைக்கிளோட்டம்தானே? நுவரெலியாவில மலையால இறங்கினவனுக்கு நீங்கள் சொல்லித் தரப்போறீங்களோ? கூடை கழண்டு விழாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

"இல்லை, கேட்டால் நல்லது எண்டு..."

"டாம்பிங் எண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?" கீழே இருந்த சிவப்புத் திருகைக் காட்டினான். "பள்ளத்தில விழுந்தா ஃபோர்க் அமுங்கும். அமுங்கினது என்ன வேகத்தில திரும்பி எழும்பவேணும் எண்டு இதில வைக்கலாம். கூடத் திறந்தா உங்கட மன்னார்க் கழுதை மாதிரி உதைக்கும். கூட இறுக்கினா எழும்பாமலே படுத்துக் கிடக்கும்."

"எங்கட கழுதையளுக்கு இப்பிடி ஒரு திருகு இல்லை. அதுதான் ஒண்டும் சொல்வழி கேக்கிறேல்லை" என்றுவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள்.

றொகான் திருகைத் திறக்கும் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். புல் முடிச்சும் கழுதைக் குளம்புப் பள்ளமுமாகக் கிடந்த அந்த மைதானத்துக்குத் துள்ளி எழும்புகிற ஃபோர்க்தான் சரி. ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றக் கோல் கம்பம் வரைக்கும்தான் ஓட்டம். இவர்களுக்கு மூச்சு அவ்வளவுதான் போலும்.

பக்கத்தில் போட்டிக்கு நின்ற அஸாம், மீன்பெட்டி கட்டுகிற பின் கரியலோடேயே சைக்கிளைக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணை, பிரேக் நல்லாப் பிடிக்குமோ?"

"பிரேக் உமக்குத்தான் தேவை, தம்பி. எனக்கில்லை."

சிங்கராசா ஒலிவாங்கியைப் பிடித்து விதிகளைச் சொல்லத் தொடங்கினார். சைக்கிள் ஓடுவதற்கு விதியும் ஒரு கேடா என்று நினைத்த றொகான் இயர்போனைக் காதில் செருகிப் பாட்டைக் கூட்டினான்.

கொடி விழுந்தது.

அவன் பறந்தான். புல் முடிச்சுகள் சில்லுக்குக் கீழே வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஃபோர்க் அமுங்கி எழும்பியது, கைப்பிடி ஆடவேயில்லை. பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நம்பமுடியாத காட்சி. அஸாம் கோட்டடியிலேயே காலை ஊன்றிவிட்டுச் சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். டிலோஜினியின் சைக்கிள் நின்ற இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தது.

சைக்கிள் ஓடவே தெரியாத சனம், என்று நினைத்துக்கொண்டான். கலியாணத்துக்குப் பிறகு முதல் வேலையாக இவளுக்கு ஓடப் பழக்கவேண்டும்.

மற்றக் கோட்டைத் தாண்டி, பின் சில்லைச் சறுக்கி நிறுத்தி, இரண்டு கையையும் உயர்த்தினான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆர்ப்பரித்தது. குனிந்து வணக்கம் வைத்தான். டிலோஜினி இன்னும் கால்வாசித் தூரம்கூட வரவில்லை. பல்லைக் கடித்தபடி, நிலத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் வந்துகொண்டிருந்தாள்.

இயர்போனைக் கழற்றிக்கொண்டு அவன் சிங்கராசாவிடம் போனான். இதுவரை அங்கிள் என்றவன், முதன்முறையாக உறவு சொல்லி அழைத்தான்.

"எப்பிடி மாமா? பாத்தீங்களே ஃபோர்க்கின்ர வேலையை!"

நல்ல சம்பந்தம் ஒன்று கண்ணுக்கு முன்னால் கைநழுவிய துக்கத்தில், சிங்கராசா ஒலிவாங்கியை நிறுத்த மறந்துபோனார்.

"ஆறுதலா ஓடிக் கடைசியா வரவேண்டிய போட்டியில ஏன் தம்பி இப்பிடிப் பறந்தனீங்கள்?"