அடி விழும் முன்னே விழுந்தவன்

"உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு மணல் மூட்டையைத் தூக்கிட்டு வந்திருக்கலாம்டா. அதுவாவது அடிச்சப்புறம் விழுந்திருக்கும்."

சண்டை மாஸ்டரின் குரல் படப்பிடிப்பு நடந்த கிடங்கு முழுக்க எதிரொலித்தது. எதிரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான் அவரிடம் வேலை செய்யும் ஸ்டண்ட்காரன் மொட்டை.

படத்தில் அவன் கடத்தல் கும்பலின் அடியாள். கும்பல் ஒருவனைப் பிடித்து நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறது. அவனுடைய நண்பர்கள், அடிதடி என்றால் என்னவென்றே தெரியாத அப்பாவிகள், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அவனை மீட்க வருகிறார்கள். அவர்களில் ஒருவராக நடிப்பவர் ஒரு சிரிப்பு நடிகர். வாணலியோடு இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து, மொட்டையின் உச்சந்தலையில் ஒரு போடு போட வேண்டும். மொட்டை கண்ணைச் செருகிக்கொண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் சாய வேண்டும்.

வாணலி ரப்பர். பெட்டிகள் காலி. இவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒவ்வொரு தடவையும், நடிகர் கடைசிப் படியைத் தாண்டுவதற்குள் மொட்டை தானாகவே சாய்ந்துவிட்டான்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. டைரக்டர் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மாஸ்டரோ லேசில் விடுகிற ஆள் இல்லை. மொட்டை வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆரம்பித்து, அவன் நடக்கிற நடை, தின்கிற தீனி, தூங்குகிற தூக்கம் என்று ஒன்று விடாமல் இழுத்துப் போட்டுத் திட்டினார். லைட்காரர்கள் ஏணியிலிருந்து இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மேக்கப் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. படிக்கட்டுக்குப் பின்னால் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சிரிப்பு நடிகருக்கு வியர்வையை ஒற்றிவிட்டபடியே, நாக்கா அது, அரிவாளா என்று முணுமுணுத்தாள். நடிகர் கண்ணை மூடிக்கொண்டார்.

டைரக்டர் பொறுமை இழந்து, ஆளை மாற்றிவிடலாம் என்றார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி பளபளவென்று ஒரு தலை வேறு யாரிடமும் கிடையாது, அதில் வாணலி பட்டால்தான் ஜனங்கள் சிரிப்பார்கள், இன்னும் நாலு வார்த்தை கேட்டால் புத்தி வந்துவிடும் என்றார்.

நாலு வார்த்தை நானூறு ஆனது. மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்.

இதற்கு ஆளை மாற்றியிருந்தால்கூட மொட்டைக்கு மானமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தாள் அக்கா.

அடுத்த தடவை எல்லாம் சரியாக அமைந்தது. நடிகர் படிக்கட்டில் உருண்டு வராத குறையாக ஓடி வந்தார். வாணலி 'பொத்'தென்று இறங்கியது. மொட்டை ஒரு கணம் அசட்டுச் சிரிப்பு சிரித்து, அப்படியே பெட்டிகளுக்குள் புதைந்து போனான். கிடங்கே கைதட்டியது. டைரக்டர் ஓடிப்போய் நடிகரைக் கட்டிக்கொண்டார்.

மொட்டையை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அவன் தானே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான்.

அக்கா ஈரத்துணியோடு பின்னாலேயே போனாள். அவன் கன்னத்தில் தான் காலையில் வரைந்த வெட்டுத் தழும்பைத் துடைத்துக்கொண்டே விசாரித்தாள். ஓடுகிற லாரியிலிருந்தும் மாடியிலிருந்தும் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் விழுந்தவனாயிற்றே, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

மொட்டை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான்.

"வாணலியோட ஓடி வர்றாரே, அவருக்கு முட்டி சரியில்லக்கா. கடைசிப் படியில காலை வைக்கிறப்ப முகமே கோணிப் போகுது. எல்லார் கண்ணுலயும் படுறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."

டைரக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் அக்கா.

எப்படிச் சொல்வது என்றான் மொட்டை. எத்தனையோ காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு இப்போதுதான் ஒரு படம் கிடைத்திருக்கிறது. முட்டி சரியில்லை என்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் வேறு ஆள் வந்துவிடுவார். ஓடுகிற காட்சி இது ஒன்றுதான். மீதி எல்லாம் காருக்குள் உட்கார்ந்து பேசுவதுதானாம்.

"நான் விழுந்தா யாரும் காரணம் கேக்க மாட்டாங்கக்கா. என் பொழைப்பே விழுறதுதானே."

துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

அப்போது மாஸ்டர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். அக்கா எழுந்து அவரை மறித்துக்கொண்டு நின்றாள். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். நடிகரின் முட்டியைச் சொன்னாள். மொட்டை எதற்காக விழுந்தான் என்பதையும் சொன்னாள்.

"விஷயம் தெரியாம ஒரு நல்ல மனுஷனை இத்தனை பேர் பாக்க நாறடிச்சுட்டீங்களேண்ணே. உங்களுக்கே நல்லா இருக்கா?"

மாஸ்டர் ஒரு டம்ளரை மொட்டையிடம் நீட்டிவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சூடான டீயைத் தொண்டைக்கு இதமாக ஒரு வாய் குடித்தார். மொட்டையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அரைகுறையா உதவி பண்ணக் கூடாதுடா. நீ விழுந்தா அவரு முட்டி வெளியே தெரியாது, அவ்வளவுதான். நான் அந்தத் திட்டு திட்டினாத்தானே அவரு கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார முடியும்?"