பாதியில் முடிந்த உண்ணாவிரதம்

ஆற்றுக்குப் பாலம் கேட்டுச் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்த தலைவர், நாலாம் நாளே பழச்சாறு குடித்து எழுந்துவிட்டார். கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏம்பா, எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"நாம கேட்டது பஸ் போற பாலம். அரசாங்கம் தர்றது நடைபாலம். இதுக்கா தலைவரே ஒத்துக்கிட்டீங்க?" என்றார் வட்டச் செயலாளர்.

"அரசியல்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்யா. முதல்ல ஆள் நடக்கட்டும், அப்புறம் பஸ் ஓட்டுவோம்."

"இவ்வளவு பொறுத்தீங்க, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மூக்கைச் சிந்தினார் மகளிர் அணித் தலைவி.

"ரெண்டு நாள்ல உயிரே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா!"

"எங்ககிட்டயும் அதைத்தான் சொன்னார். அவரை நம்பித்தான் ராவும் பகலுமா வேலை பார்த்தோம்" என்று பெருமூச்சு விட்டார் பொருளாளர்.

தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பாலத்துக்காக இப்படி உருகும் தொண்டர்கள் வேறு எவனுக்குக் கிடைப்பார்கள்!

"மனசை விடாதீங்க. உங்க உழைப்பு வீண் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வட்டச் செயலாளர் தயங்கித் தயங்கி மூலையில் இருந்த திரையை விலக்கினார். சிமெண்டில் செய்த ஆளுயரத் தலைவர் ஒருவர் கையை நீட்டியபடி நின்றார். பெயிண்ட்கூட இன்னும் காயவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க சிலை திறப்பு விழா தலைவரே. ஊரையே கூப்பிட்டாச்சு. தப்பா நினைக்காம, நீங்களே வந்து திறந்து வெச்சிடுறீங்களா?"