இடது கால்

“ஒரு தடவ ஓட்டிப் பாருல மக்கா” என்று ஆன்றோ தன் பைக் சாவியை நீட்டினான். விபத்துக்குப் பிறகு அதை யாரும் எடுத்ததில்லை. ரெஜின் கிளப்பியதும், ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஆன்றோவும் பின்னால் ஏறிக்கொண்டான். முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோன அவனது இடது தொடை, ரெஜின் கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் தானாக ஒருமுறை அழுந்தி விலகியது.

“ஞாயித்துக்கெழம முட்டம் போறோம். அஞ்சு வண்டி. பயலுவகிட்ட சொல்லியாச்சு.”

“நாலுதான இருக்கு?”

“இது எதுக்குல நிக்கி?”

“இத யாரு ஓட்டுவா?”

“நாந்தாம்ல.”

ஏற்றத்தில் வண்டி திணறியது. ரெஜின் கிளட்சைப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால் தொடை அழுந்தியது. கியர் இறங்கியது. ரெஜின் குனிந்து பார்த்தான். கியரை மிதிக்க வேண்டிய தன் இடது கால் ஃபுட்ரெஸ்டை விட்டு அசையவே இல்லை.