ஈரச் சோப்பு

ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு என்றுதான் புரோக்கர் சொல்லியிருந்தார். ஆனால் குளியலறைச் சோப்பு ஈரமாக இருந்தது.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். கூடத்துக்கு வந்து புருஷனின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

"சோப்பு ஈரமா இருக்குங்க."

"சோப்புன்னா ஈரமாத்தான் இருக்கும்."

"பூட்டின வீட்டுல யாருங்க குளிக்கிறா?"

புருஷன் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். ஒன்று பிடித்துப்போனால் அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அந்தக் குணத்துக்குச் சாட்சியாக ஓடாத ஸ்கூட்டர் ஒன்று அவர்கள் வாடகை வீட்டு வாசலில் நிற்கிறது.

அவளால் அப்படி இருக்க முடியுமா? அவளுடைய அக்கா இப்படித்தான் ஆசை ஆசையாக ஒரு வீட்டை வாங்கினாள். அதில் குடியிருந்தவன் காலி பண்ண மாட்டேன் என்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். அக்கா இன்னும் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறாள். இவளோ காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் வீடு வாங்குவதற்காக விற்றுவிட்டு நிற்கிறாள்.

புரோக்கரைக் குறை சொல்லவும் முடியாது. பேங்க் லோனுக்கு, பத்திரம் பார்க்கிற வக்கீலுக்கு என்று எல்லா இடத்துக்கும் கூடவே அலைந்தார். இரண்டு வீடுகளை, "இது உங்களுக்கு வேணாம் மேடம், சுவர்ல ஓதம் இருக்கு" என்று அவரே தள்ளிவிட்டார். இவ்வளவு நல்லவராக ஒரு புரோக்கர் இருப்பாரா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் உறுத்தியது. எப்போது வீடு பார்க்கக் கிளம்பினாலும், "அரை மணி முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க" என்பார். இன்றைக்கு அவள் வேண்டுமென்றே போன் போடாமல் புருஷனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்து பார்த்தால் வாசலில் பூட்டு இல்லை. தட்டோ தட்டென்று தட்டிய பிறகு புரோக்கரே மூச்சு வாங்கக் கதவைத் திறந்தார்.

"கூட்டிப் பெருக்கி வைக்கலாம்னு வந்தேன் மேடம்."

ஆனால் துடைப்பத்தைக் காணோம்.

படுக்கையறையில் புருஷன் கேட்டார். "ராத்திரி சத்தம் கித்தம் உண்டா?"

"பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் சார். தலையை இந்தச் சுவத்துப் பக்கம் வெச்சுப் படுத்தா ஒண்ணும் கேக்காது."

"நீங்க படுத்துப் பாத்தீங்களாக்கும்?" என்றாள் அவள்.

புரோக்கர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

சமையலறையில் அவள் கைப்பையை மேடையில் வைத்துவிட்டு அடுப்பைத் தொட்டாள். வெதுவெதுவென்றிருந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் கதவு, சாத்தியிருந்தது.

"இது?"

"ஸ்டோர் ரூம் மேடம். ஓனரோட பழைய சாமான். சாவி அவர்கிட்ட இருக்கு."

அவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ இருமினாற்போல் இருந்தது. உடனே புரோக்கரும் இருமினார், பலமாக.

"எலியா இருக்கும்" என்றார் புருஷன்.

"எலி இருமுமாங்க?"

அவளுக்கு விளங்கிவிட்டது. ஓனருக்குத் தெரியாமல் இந்த ஆள் யாரையோ உள்ளே குடிவைத்து வாடகை வாங்கித் தின்கிறான். அக்காவுக்கு நடந்த அதே கதை. மனதுக்குள் 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டான்.

"இங்க பாருங்க, உள்ள ஆள் இருக்கு. இருக்கா இல்லையா?"

புரோக்கர் தரையைப் பார்த்தார்.

"மேடம், நாளைக்குக் காலையில வாங்க. எல்லா ரூமும் திறந்து, துடைச்சு, காலியா இருக்கும். ஒரு துணி, ஒரு தட்டு கிடந்தாலும் நீங்க அட்வான்ஸ் குடுக்க வேணாம்."

"காலி பண்ண மாட்டோம்னு உக்காந்துட்டா?"

"பண்ணிடுவாங்க."

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. நீங்க எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இதுவரைக்கும் எந்த வீட்டுலயும் தகராறு பண்ணினதில்ல மேடம்."

அடப்பாவி, ஊரெல்லாம் இதே பிழைப்பா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வக்கீல் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று சொல்லியாயிற்று. புருஷன் வேறு, பொம்மைக் கடையில் நிற்கும் பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வாங்கிக்கிறோம். ஆனா நாளைக்குக் காலியா இருக்கணும்."

"இருக்கும் மேடம். இனி இது உங்க வீடு." புரோக்கர் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்.

தெருமுனை வரைக்கும் நடந்த பிறகுதான் கைப்பை ஞாபகம் வந்தது. புருஷனை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பினாள். போகிற போக்கில் அந்தக் குடித்தனக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணக்கும் இருந்தது.

வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சமையலறை வரைக்கும் பூனைபோலப் போனாள்.

ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. ஓனரிடம் இருப்பதாகச் சொன்ன சாவி புரோக்கரின் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டியபடி, இருட்டுக்குள் குனிந்து அவர் மெதுவாகச் சொன்னார்:

"புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய வாடி. இந்த வீட்டையும் வித்துட்டேன்."