வளைவுக்குப் போன வெயில்

"தினமும் காலையில அரை மணி நேரம் பிள்ளைக்கு இளவெயில் காட்டுங்கம்மா, மஞ்சள் இறங்கிடும்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

எட்டு நாள் குழந்தையோடு வீடு திரும்பிய தமயந்தியின் தெருவில் வெயில் கிடையாது. தெருமுனையில் நிற்கும் தலைவரின் நூற்றாண்டு நினைவு வளைவின் விளக்குகள் சூரிய சக்தியில்தான் எரிய வேண்டும் என்று, சுற்றியுள்ள ஐந்து தெருக்களுக்கும் மேலே தகடுகளைப் பரப்பி மூடிவிட்டார்கள். இலவசமாக நிழல் கொடுத்ததற்கு நன்றி சொல்ல விழாவும் நடந்தது. வெயில் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பச்சை உடம்புக்காரி எப்படி ஏறுவாள்?

வளைவின் காவலாளியிடம் போய்க் கேட்டாள்.

"ஒரே ஒரு தகட்ட அரை மணி நேரம் மடக்குங்கண்ணே."

"என் வேலை போயிடும்மா. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைய இங்க தூக்கிட்டு வா. உங்க தெரு வெயில்தான இதுல எரியுது?" அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

வேறு வழி தெரியாமல் நான்கு நாள் சாயங்காலம் பிள்ளையோடு போய் நின்றாள். வளைவு பொன்மஞ்சளாக எரிந்தது. அதன் கீழே ஜனங்கள் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள், குழந்தையின் இமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சளாகத்தான் இருந்தார்கள்.