கைபிரேக் இழுத்தவன்

“உன்னை மெக்கானிக்னு சொன்னவன் யாருய்யா? அவன் விலாசத்தைக் கொடு, முதல்ல அவனை நாலு கேள்வி கேக்கணும்” என்றார் பிழைதிருத்தி.

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவனை வரவழைத்தது இது மூன்றாவது தடவை.

அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு வேலைக்குத்தான், பிழை பிடிக்கிற குணத்துக்கு இல்லை. தெருவே அவரைப் பிழைதிருத்தி என்றுதான் கூப்பிட்டது. இப்போது வருகிற பத்திரிகைகள் மை போதாமல் மங்கலாக அச்சாகின்றன என்று ஆசிரியர்களுக்கு எட்டுக் கடிதம் போட்டிருந்தார். ஒருவரும் பதில் எழுதவில்லை. “ரோஷம் உள்ளவன் எவனாவது இருந்தாத்தானே” என்பார்.

அவர் காருக்கு வயது இருபத்தெட்டு. ஒரு வருஷமாக உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கியதைப் போன வாரம்தான் தட்டி எழுப்பினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பேத்தியைத் தானே கொண்டுபோய் விடப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

முதல் நாள் மெக்கானிக் பேட்டரியை மாற்றி, பிளக்குகளைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் கார் ஒழுங்காகத்தான் கிளம்பியது. இவர் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். வழியில் இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தான்.

“என்னய்யா பண்றே?”

“கைபிரேக் பிடிக்குதான்னு பாத்தேன் ஐயா.”

“அதை ஒரு தடவை பாத்தா போதாதா?”

“திரும்பவும் சந்தேகம் வந்துடுச்சு.”

வீடு வந்ததும், ‘ஒரு நிமிஷம்’ என்று மறுபடி பானெட்டைத் திறந்தான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காருக்குக் கக்குவான் கண்டுவிட்டது. சாவியைத் திருகத் திருக இருமும். தப்பித் தவறிக் கிளம்பினால் உடம்பெல்லாம் உதறும், புகை கக்கும், வெடிக்கும். அது போட்ட ஒரு வெடியில் எதிர்வீட்டு மாடிப் புறாக்கள் கிளம்பிப் போனவைதான், அடுத்த ஊரிலும் இறங்கவில்லையாம்.

“பிளக் ஒயர்ல சந்தேகமா இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க ஐயா, நம்பர்படி இருக்கா?” என்றான் மெக்கானிக், பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து.

நான்கு ஒயர்களிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டிருந்தது. பிழைதிருத்தி மூக்கில் கரி ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கரெக்டா இருக்கு. இதைப் பாக்கத் தெரியாம நீயெல்லாம் ஸ்பானரைத் தூக்கிட்டு வந்துட்டே.”

மெக்கானிக் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். “ஆமாங்க ஐயா. எனக்குப் பிடிபடலை. பாப்பா வேன்லயே போகட்டுமே.”

“நானும் அதைத்தான் சொல்றேன் மாமா” என்றாள் வாசலில் நின்ற மருமகள்.

“வேன் ஓட்டுறவனுக்குக் கண்ணு ஒழுங்கா தெரியுமான்னு உனக்குத் தெரியுமா?” என்று அவள் வாயை அடைத்தார். “நீ கிளம்புய்யா. உன் வைத்தியத்துல பொழைக்கிற வண்டியும் செத்துடும்.”

சனிக்கிழமை வேறொரு மெக்கானிக் வந்தான். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான் பார்த்தான்.

“ரெண்டாவது ஒயரும் மூணாவது ஒயரும் இடம் மாறியிருக்கு சார். அப்புறம் எப்படி ஒழுங்கா ஓடும்? இவ்வளவு பெருசா நம்பர் போட்டிருக்கு, பச்சைக் குழந்தைகூட சொல்லிடும்.”

“நான் பாக்கிறப்ப சரியாத்தான் இருந்துச்சு” என்றார் பிழைதிருத்தி. “நான் பாத்த பிறகு மாத்தியிருக்கான், அயோக்கியன்.”

ஒயர்களை மாற்றி மாட்டியதும் கார் ஒரே திருகலில் கிளம்பியது. அந்தச் சூட்டோடு பழைய மெக்கானிக் கடைக்கு ஓட்டினார். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பழைய வண்டி இப்படிப் பறக்கிறதே என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

கடை வாசல் படியில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார். நீலச் சட்டையோடு டயர் அடுக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் அவன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“திமிரா? ஓடுற வண்டியோட ஒயரை மாத்தி மாட்டிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிறியே, இதெல்லாம் ஒரு பொழப்பா?”

அவன் அசையவில்லை.

“சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறே? முழிக்கிறதைப் பாரு, திருட்டு முழி. வாயைத் திறந்து பதில் சொல்லுய்யா.”

“ஐயா” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஒரு வேனுக்கு அடியிலிருந்து பனியனோடு வெளியே வந்தான் மெக்கானிக். “நான் இங்க இருக்கேன். அது காயப்போட்ட என் சட்டை.”

பிழைதிருத்தி மெதுவாகப் போய்ச் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் விரலில் ஒட்டியது.

“முதல் நாளே ஒயரை மாத்தினது நான்தான்” என்றான் அவன். “அன்னைக்கு ரெண்டு தடவை கைபிரேக்கை இழுத்தேனே, முதல் தடவை குறுக்கே ஒரு சைக்கிள் வந்துச்சு. ரெண்டாவது தடவை, டியூஷன் பையைத் தூக்கிக்கிட்டு நாலஞ்சு பிள்ளைங்க.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றார் பிழைதிருத்தி.

“சொல்லியிருந்தா, எனக்குத்தான் கண்ணு தெரியலைன்னு சொல்லியிருப்பீங்க.”

மெக்கானிக் காரின் பின் சீட்டை எட்டிப் பார்த்தான். பாப்பா இல்லை, காலியாக இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டான்.

பிழைதிருத்தி படியில் ஏறியிருந்த சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சாவியை எடுத்து நீட்டினார்.

இந்தத் தடவை, ஆளிடம்.